இரண்டு அளவு பெரிய ஸ்கீ பூட்ஸ்

கடைக்குப் போனது மூன்று பேர்: அம்மா, தங்கச்சி, நான். அப்பா வரவில்லை. சனிக்கிழமைகளில் அவருடைய வேர்ஹவுஸில் ஓவர்ரைம் கிடைக்கும். அதை அவர் விடுவதில்லை. முதல் நாள் பின்னேரமே முந்நூறு டொலரை ஒரு கடித உறையில் போட்டு என் கையில் தந்திருந்தார்.

"பிள்ளைக்கு நல்லதாப் பாத்து வாங்கிக் குடு. எனக்கு உதுகள் விளங்காது. நீ படிச்சனி."

வராத இன்னொருவர் தங்கச்சியின் பள்ளிக்கூடத்து ஸ்கீ பயிற்சியாளர். அவர் வருவதற்குத் தயாராகத்தான் இருந்தார். அவர் இல்லாமல் நாங்கள் போகும்படி செய்தவன் நான்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர்; அம்மா எட்டாம் வகுப்போடு. இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்கு ஆறு வயது. ஒன்பது வயதிலிருந்து வீட்டுக்கு வருகிற கடிதங்களை வாசித்துச் சொல்கிறவன் நான்தான். வரிக் கடிதம், வாகனக் காப்புறுதி, அம்மாவின் இரத்தப் பரிசோதனை முடிவு, மில்லிக்கனில் வீடு வாங்கியபோது வங்கி அனுப்பிய பத்திரக் கட்டு எல்லாமே என் வாய்வழியாகத்தான் அவர்களிடம் போயின. தங்கச்சி இங்கே பிறந்தவள். அவளுக்கும் வாசிக்கத் தெரியும். ஆனாலும் அந்த வேலை என்னுடையதாகவே இருந்தது. அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அவளுக்கு ஸ்கீ, அதாவது இரண்டு பலகைகளைக் காலில் பூட்டிப் பனிச் சரிவில் சறுக்குவது, பழக்கமானது பள்ளிக்கூடச் சுற்றுலா ஒன்றில். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், வாடகைப் பூட்ஸ் கொடுத்து, சின்ன மேடு ஒன்றில் விட்டார்களாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் சாப்பாட்டு மேசையில் இரண்டு கரண்டிகளைச் சமாந்தரமாக வைத்து, எப்படித் திரும்புவது என்று எங்களுக்குக் காட்டினாள். அப்பா சிரித்தார்.

"உதுக்குக் காசு குடுக்கிறியளோ? ஜனவரியிலை பஸ் தரிப்பிடத்திலை நாங்கள் காசில்லாமலே சறுக்கிறம்."

அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூட ஸ்கீ குழுவோடு ஒவ்வொரு குளிர்காலமும் போனாள். வாடகைப் பூட்ஸ் முன்பு போட்டவரின் ஈரத்தோடு இருக்கும், ஒவ்வொரு முறையும் வேறு சோடி கிடைக்கும். அதிலேயே அவள் நன்றாகப் போனாள் என்று பிறகு பயிற்சியாளர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். எங்களில் யாரும் போய்ப் பார்த்ததில்லை.

பதினோராம் வகுப்பில் அந்தக் கடிதம் வந்தது. ஜனவரியில் பள்ளிக்கூடப் போட்டி அணிக்குத் தெரிவு நடக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் புதிதாக யாரையும் எடுப்பதில்லை. ஆகவே அவளுக்கு இந்த ஒரு முறைதான். வாடகைப் பூட்ஸோடு தெரிவுக்கு வர முடியாது, சொந்தப் பூட்ஸ் வேண்டும். வியாழக்கிழமை பின்னேரம் பயிற்சியாளரே ஒரு கடையில் நிற்பார், பெற்றோர் பிள்ளைகளோடு வந்தால் அளவு பார்த்து உதவுவார். வளர்வார்கள் என்று நினைத்துப் பெரிதாக வாங்க வேண்டாம் என்று ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்தது.

நான் குசினியில் நின்று அம்மாவுக்கு வாசித்துச் சொன்னேன். தெரிவைச் சொன்னேன், பூட்ஸைச் சொன்னேன். வியாழக்கிழமையைச் சொல்லவில்லை. தடித்த வரியையும் சொல்லவில்லை.

ஏன் என்று அப்போது நான் என்னைக் கேட்கவில்லை. வியாழக்கிழமை மற்றப் பெற்றோரும் நிற்பார்கள். பிள்ளைகளோடு தாங்களும் ஸ்கீ போகிறவர்கள், அந்தக் கடைக்குள் வீட்டு அறைக்குள் நடப்பது போல நடக்கிறவர்கள். அவர்களுக்கு நடுவே அம்மா நின்று விலை கேட்பதை நான் நினைத்துப் பார்த்தேன். எனக்கே எல்லாம் தெரியும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவெடுத்தேன். இரண்டு நாள் இணையத்தில் வாசித்தேன். ஸ்கீ பூட்ஸ் இறுக்கமாக இருக்க வேண்டும், ஒரேயொரு மெல்லிய சொக்ஸ்தான் போட வேண்டும் என்றெல்லாம் படித்தேன். தெரியாமல் செய்தேன் என்று இன்றைக்கு நான் சொல்ல முடியாததற்குக் காரணம் அதுதான்.

கடை ஒரு பெரிய பிளாசாவின் மூலையில் இருந்தது. வாசலில் ஈரச் சப்பாத்துகளுக்கு ரப்பர் விரிப்பு. உள்ளே சுவர் முழுக்கப் பூட்ஸ், சிவப்பிலும் வெள்ளையிலும் கறுப்பிலும். அம்மா தன் குளிர் மேலங்கியோடும் ஒரு பிளாஸ்ரிக் பையோடும் வந்திருந்தா. எங்கள் பலசரக்குக் கடைப் பை. உள்ளே என்ன என்று காரில் வைத்தே கேட்டேன். இரண்டு சோடி தடித்த கம்பளிச் சொக்ஸ்.

"இப்பவே போட்டுப் பாத்து வாங்கினாத்தானே தம்பி சரியா வரும்."

எங்களுக்குக் காலணி வாங்கும் முறை ஒன்று இருந்தது. அளவு போட்டுப் பார்ப்போம். பெருவிரலுக்கு முன்னால் அம்மா தன் கட்டைவிரலை வைத்து அமத்திப் பார்ப்பா. ஒரு கட்டைவிரல் இடம் இருந்தால் அது இந்த வருடத்துச் சப்பாத்து. இரண்டு விரல் இடம் இருந்தால் அது நல்ல சப்பாத்து. அடுத்த வருடமும் போகும். என் முதல் குளிர்காலப் பூட்ஸ் அப்படித்தான் வாங்கியது. பள்ளிக்கூட நடையோடையில் நான் நடந்தால் டக்டக் என்று கேட்கும், வகுப்பில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். இதை நான் மறந்திருக்கவில்லை.

எங்களிடம் வந்தவள் என் வயதுள்ள ஒரு பெண். காதில் ஒரு பென்சில் செருகியிருந்தாள். தங்கச்சியை இருக்கச் சொல்லி, முழங்காலில் நின்று, உலோகப் பலகை ஒன்றில் அவளுடைய காலை வைத்து அளந்தாள். வலது கால் இருபத்துமூன்று புள்ளி எட்டுச் சென்ரிமீற்றர், இடது கால் அதைவிட மயிரிழை குறைவு. கணுக்காலைப் பிடித்துப் பார்த்தாள், கெண்டைக்காலைச் சுற்றிக் கை வைத்துப் பார்த்தாள். எவ்வளவு காலமாகப் போகிறாய், எந்த மலைக்குப் போகிறாய், தெரிவு எப்போது என்று தங்கச்சியிடமே கேட்டாள். எங்கள் வீட்டில் அவளிடம் யாரும் அப்படி அடுத்தடுத்துக் கேள்வி கேட்டதில்லை. அவள் நிமிர்ந்து இருந்து பதில் சொன்னாள்.

அந்தப் பெண் ஒரு சோடியைக் கொண்டுவந்தாள். உள்ளே இருந்த மெத்தை உறையை இழுத்து வெளியே எடுத்துவிட்டு, வெறும் பிளாஸ்ரிக் கோதுக்குள் தங்கச்சியின் காலை விட்டாள். விரல்கள் முன்னால் முட்டும்படி நிற்கச் சொல்லி, குதிக்குப் பின்னால் தன் விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு விரலுக்கு மேல் கொஞ்சம் இடம். இதுதான் அளவு என்றாள். பிறகு உறையைத் திருப்பிப் போட்டு, கொளுக்கிகளை மாட்டி, எழும்பி முழங்காலை முன்னுக்கு மடிக்கச் சொன்னாள். பத்து நிமிடம் அப்படியே நில், இப்போதே தீர்மானிக்க வேண்டாம் என்றாள்.

தங்கச்சி கண்ணாடிக்கு முன்னால் நின்று மடிந்து மடிந்து எழும்பினாள். இடப்பக்கம் சரிந்தாள், வலப்பக்கம் சரிந்தாள். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை அதற்குப் பிறகு ஸ்கீ பற்றிய பேச்சில் நான் பார்த்ததில்லை.

அம்மா குனிந்து கட்டைவிரலை வைத்தா. கடினமான பிளாஸ்ரிக், அமத்தினால் ஒன்றும் தெரியவில்லை. விரல் மொளியால் தட்டிப் பார்த்தா.

"இதென்ன தகரப் பேணி மாதிரி. விரல் முட்டுதோ பிள்ளை?"

"நிமிந்து நிண்டா முட்டுது. முழங்காலை மடிச்சா முட்டேல்லை."

"அப்ப நாள் முழுக்க முழங்காலை மடிச்சுக்கொண்டோ நிக்கப்போறாய்?"

"ஓம் அம்மா. அதுதான் ஸ்கீ."

பக்கத்தில் இருந்த ஒரு தகப்பனும் மகனும் எங்களைப் பார்த்தார்கள். அவர்கள் சும்மா பார்த்திருக்கலாம். நான் அம்மாவுக்கும் அவர்களுக்கும் நடுவே போய் நின்றேன்.

விலை நானூற்று எண்பது டொலர். அதைக் கேட்ட அம்மா, முந்நூறுக்கு மேலே போகலாமோ என்று நான் வாய் திறக்கும் முன்பே, தள்ளுபடித் தட்டுக்குப் போய்விட்டா. அங்கே அதே சிவப்பில், போன வருடத்து மாதிரியில் ஒரு சோடி இருந்தது. இருநூற்று முப்பது டொலர். அளவு இருபத்தைந்தரை, முதல் சோடியைவிட இரண்டு அளவு பெரிது. அம்மா அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தா. பையைத் திறந்து, கடைக்கு நடுவில், இரண்டு சோடிக் கம்பளிச் சொக்ஸையும் எடுத்து உதறினா. ஒன்றின் குதியில் வேறு நிற நூலால் தைத்திருந்தது.

தங்கச்சி இரண்டையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டாள். பூட்ஸுக்குள் கால் சுகமாகப் போனது.

"பாத்தியே, பஞ்சு மாதிரிப் போகுது. மற்றது காலுக்கு விலங்கு போட்ட மாதிரியெல்லோ நிண்டது. வளருற வயசு, மூண்டு வருசத்துக்கு யோசிக்கத் தேவையில்லை."

பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்து, இதிலும் ஏதாவது குறைக்கலாமோ என்று கேட்கச் சொல்லி என் கையைத் தட்டினா.

நான் விலைக் குறைப்பைக் கேட்கவில்லை. இது எப்படி என்று மட்டும் கேட்டேன். அந்தப் பெண் முதலில் அந்தப் பூட்ஸின் உறையையும் எடுத்து, வெறும் கோதுக்குள் காலை விட்டுக் காட்டினாள். குதிக்குப் பின்னால் மூன்று விரல்கள் தாராளமாகப் போயின. அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். கடைக்குள் சுகமாக இருப்பது மலையில் ஆபத்து. கால் உள்ளே ஓடும், இவள் திரும்ப நினைத்தால் கால் திரும்பும், பூட்ஸ் திரும்பாது. சொக்ஸ் கூடினால் இன்னும் மோசம். பதினாறு வயதில் கால் இனிப் பெரிதாக வளராது. தெரிவுக்குப் போகிற பிள்ளைக்கு இதை விற்க எனக்கு மனமில்லை என்றாள். காசுதான் பிரச்சினை என்றால், அடுத்த வாரம் தள்ளுபடியில் சரியான அளவில் வேறு ஒன்று வரக்கூடும், தன் பெயரைச் சொல்லித் தொலைபேசியில் கேளுங்கள் என்றும் சொன்னாள்.

அம்மா என் முகத்தைப் பார்த்தா.

"என்னவாம்?"

அந்தத் தகப்பனும் மகனும் இன்னும் பக்கத்தில் இருந்தார்கள். சொக்ஸ் ஒன்று நிலத்தில் கிடந்தது. நான் உண்மையைச் சொன்னால் அம்மா மறுத்துப் பேசுவா. நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் பதில் சொல்வாள். அம்மா மீண்டும் சொக்ஸைக் காட்டுவா. இது இன்னும் அரை மணித்தியாலம் போகும். எனக்கு அந்தக் கடையை விட்டு வெளியே போக வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

"ரெண்டும் பரவாயில்லையாம். இது கொஞ்சம் தொளதொளப்பாம், சொக்ஸ் போட்டாச் சரியாம்."

தங்கச்சி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அவளுக்கு இரண்டு மொழியும் தெரியும். அந்தப் பெண் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு விளங்கியிருந்தது. ஒரு சொல் போதும், "இல்லை அம்மா" என்று. அவள் சொல்லவில்லை. குனிந்து கொளுக்கியைக் கழற்றத் தொடங்கினாள்.

தள்ளுபடிப் பொருளைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். பொருத்தத்துக்குக் கடை பொறுப்பில்லை என்று பற்றுச்சீட்டில் பென்சிலால் எழுதி, அந்தப் பெண் என்னிடம் கையெழுத்துக் கேட்டாள். போட்டேன். கடித உறையில் நாற்பது டொலர் மிஞ்சியது. அதைப் பின்னேரம் அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தபோது அவர் மகிழ்ந்தார். மிச்சம் பிடிச்சுக்கொண்டு வந்திட்டான் என்று தன் கூட்டாளி ஒருவருக்கும் தொலைபேசியில் சொன்னார்.

டிசம்பரில் அவள் ஐந்து முறை மலைக்குப் போனாள். போகும்போது இரண்டு சொக்ஸ், பிறகு மூன்று. கொளுக்கிகள் எல்லாம் கடைசிப் பல்லில். வீட்டுக்கு வந்தால் நேரே மேலே போய்விடுவாள். எப்படி என்று கேட்டால் பரவாயில்லை என்பாள். ஒருநாள் குளித்துவிட்டு வந்து கதிரையில் கால் நீட்டி இருந்தபோது அம்மா கண்டுவிட்டா: வலது காலின் பெருவிரல் நகம் கறுத்துப் போயிருந்தது. முன்கால் எலும்பிலும் நீலம் பாய்ந்திருந்தது.

அம்மா பதறிப்போய் என்னைக் கூப்பிட்டா. "பாத்தியே தம்பி, இவ்வளவு பெரிசே இப்பிடிக் கடிக்குது. அந்தச் சின்னனை வாங்கியிருந்தா என்ன நடந்திருக்கும்?"

நகம் கறுப்பது பூட்ஸ் சிறிதாக இருப்பதால் மட்டுமல்ல. பெரிதாக இருந்தால் கால் முன்னுக்கு ஓடி ஒவ்வொரு திருப்பத்திலும் விரல் இடிக்கும். இதையும் நான் வாசித்திருந்தேன். அம்மா சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக்கொண்டு வந்து, மகளின் காலைத் தூக்கி அதற்குள் வைத்து, இன்னும் ஒரு அளவு பெரிதாக வாங்கியிருக்கலாம் என்று தன்னைத்தானே நொந்துகொண்டிருந்தா. நான் வாசலில் நின்றேன். தெரிவுக்கு இன்னும் இரண்டரைக் கிழமை இருந்தது. அந்தக் கடை திறந்துதான் இருந்தது. என் கணக்கிலும் காசு இருந்தது. அலுவலகத்துக்கென்று நான் வாங்கிய மேலங்கி மட்டும் நானூறு டொலர். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் கடையில் நான் மாற்றிச் சொன்னதையும் அப்போது சொல்ல வேண்டி வரும். நான் மேலே போய்விட்டேன்.

தெரிவுக்கு அப்பாவும் வந்தார், அம்மா வீட்டில் நின்றுவிட்டா. ஆச்சரியமாக இருந்தது, ஒரு நாள் வேலையை விட்டிருந்தார். நானூறாம் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணித்தியாலம், அவர் முன் இருக்கையில், மடியில் தேநீர்ப் போத்தல். பின் இருக்கையில் தங்கச்சி. மலையடிவாரத்தில் அப்பா தன் வேலைத்தலத்துப் பூட்ஸோடு பனியில் நின்று, மேலேயிருந்து வருகிற ஒவ்வொரு பிள்ளையும் அவளோ என்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் தலைக்கவசம், எனக்கும் அடையாளம் தெரியவில்லை.

சரிவில் கம்பங்கள் நட்டிருந்தார்கள். ஒவ்வொன்றையும் சுற்றி வளைந்து வளைந்து வர வேண்டும். இரண்டு முறை விடுவார்கள், இரண்டு நேரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். பதினான்கு பேரில் ஆறு பேரை எடுப்பார்கள். முதல் முறை அவள் முழுதாக வந்தாள். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு நொடி பிந்தினாள். அவள் உடம்பு முதலில் திரும்பியது, ஸ்கீப் பலகை பிறகுதான் திரும்பியது. கடைக்காரப் பெண் சொன்னது அப்படியே என் கண்ணுக்கு முன்னால் இறங்கி வந்தது. இரண்டாம் முறை நேரத்தைப் பிடிக்க வேகமாக வந்தாள். நாலாவது கம்பத்தில் ஸ்கீ திரும்பவே இல்லை. அகன்று வெளியே போய், பக்கவாட்டில் விழுந்து, கொஞ்சத் தூரம் சறுக்கி நின்றாள். எழும்பிக் கையை உயர்த்தி, ஒன்றுமில்லை என்று காட்டினாள்.

"விழுந்தா இன்னொருக்கா விடுவினமோ?" அப்பா கேட்டார்.

விடமாட்டார்கள் என்றேன்.

பயிற்சியாளர் அவளை ஒரு மர வாங்கில் இருத்தி, முழங்காலைப் பார்த்து, பிறகு பூட்ஸின் கொளுக்கிகளைக் கழற்றினார். குதிப் பக்கமாகக் கையை விட்டார். முழுக் கையும் உள்ளே போனது. அவர் நிமிர்ந்து, உனக்கு இதை யார் விற்றது என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார், கோபம் அவளில் இல்லை. நான்தான் கேட்டு வாங்கினேன் என்றாள் அவள், ஆங்கிலத்தில், என்னைப் பார்க்காமலே. அவர் அப்பாவின் பக்கம் திரும்பி மெதுவாகச் சில வசனங்கள் சொன்னார். இவ்வளவு திறமையுள்ள பிள்ளை என்றார். இந்தப் பூட்ஸோடு முதல் முறை முழுதாக வந்ததே தனக்கு ஆச்சரியம் என்றார். அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, வழமைபோல என் பக்கம் திரும்பினார்.

அங்கே வைத்து நான் ஒன்றும் சொல்லவில்லை. காரில் சொன்னேன். தங்கச்சி பின்னால் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

"அளவு பிழையாம் அப்பா. ரெண்டு அளவு பெரிசாம்."

"கடைக்காரர் பிழையாத் தந்திட்டினமோ? கொண்டுபோய்க் குடுத்து மாத்துவம்."

"இல்லை அப்பா. அவை சரியாத்தான் சொன்னவை. நான்தான் அம்மாவுக்கு மாத்திச் சொன்னனான்."

அவர் தேநீர்ப் போத்தலின் மூடியைத் திருகித் திறந்தார், திரும்ப மூடினார். வைப்பர் இரண்டு மூன்று முறை கண்ணாடியைத் துடைத்தது.

"ஏன்? காசு காணாதெண்டோ?"

அந்த இடத்தில்தான் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். காசு இல்லை அப்பா, அம்மாவின் பையைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது என்று. பலசரக்குக் கடைப் பை, தைத்த சொக்ஸ், அந்தக் கட்டைவிரல். நீங்கள் படிக்க வைத்த பிள்ளை உங்களை அந்தக் கடையில் வைத்துப் பார்க்க விரும்பவில்லை என்று. அதைச் சொல்கிற துணிவு எனக்கு வரவில்லை. அவர் நீட்டிய காரணம் கையருகில் இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

"ஓம்."

"கேட்டிருந்தாத் தந்திருப்பனே தம்பி," என்றார். "முந்நூறு காணும் எண்டு நினைச்சிட்டன். எனக்கென்ன தெரியும், சப்பாத்துத்தானே எண்டு நினைச்சிட்டன்."



அடுத்த சனிக்கிழமை அவர் ஓவர்ரைமுக்குப் போகவில்லை. நான் எழும்பிக் கீழே வந்தபோது அவரும் தங்கச்சியும் காரில் ஏறிப் போயிருந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. அந்தக் கடைக்குத்தான் போனார்கள். அதே பெண் நின்றாளாம். தங்கச்சியை அடையாளம் கண்டுகொண்டாளாம். தங்கச்சி சொல்லச் சொல்ல அப்பா கேட்டாராம். வெறும் கோதுக்குள் கால் விட்டதை எட்டிப் பார்த்து, குதிக்குப் பின்னால் தானும் ஒரு விரலை விட்டுப் பார்க்கலாமோ என்று சைகையில் கேட்டாராம். அவள் விட்டாளாம். இதையெல்லாம் தங்கச்சி அம்மாவுக்குச் சொல்லும்போது நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். அம்மா இடையிடையே "அப்பிடியோ" என்றா. எனக்கு அப்படி மாற்றிச் சொன்னாயே என்று என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. அப்பா அதை அவவுக்குச் சொன்னாரோ தெரியாது.

நான் அப்பாவிடம் காசை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "பிழை என்னிலை. நீ ஏன் குடுக்கிறாய்," என்றார்.

அணி போய்விட்டது. அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு, புதிதாக எடுப்பதில்லை. புதுப் பூட்ஸைத் தங்கச்சி அந்தக் குளிர்காலம் நாலு முறை போட்டாள், பொதுமக்கள் போகிற மலையில். நாலாவது முறை நான்தான் கொண்டுபோய் விட்டேன். அவள் சரிவில் இறங்கி வந்ததைப் பார்த்தேன். உடம்பும் ஸ்கீயும் ஒன்றாகத் திரும்பின. எவ்வளவு இலேசாக இருந்தது. அருகில் நின்ற ஒருவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கீழே வந்து பூட்ஸைக் கழற்றும்போது, இனிக் காணும், பரீட்சைகள் இருக்கு, வேலைக்கும் போகவேணும் என்றாள். பிறகு ஈரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்கள் அப்பாட்டைக் காசெண்டு சொன்னனீங்களாம். இட்ஸ் ஓகே. ஆனா அது காசில்லைத்தானே, அண்ணா."

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. பூட்ஸைப் பையில் போட்டு, காருக்கு நடந்தாள்.

இது நடந்து மூன்று குளிர்காலம் ஆகிறது. அவள் இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். அவளுடைய கால் இன்றைக்கும் இருபத்துமூன்று புள்ளி எட்டுத்தான். இரண்டு சோடியும் கராஜ் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அம்மா தூசி தட்டும்போது இரண்டையும் துடைத்து வைப்பா. அப்பா இப்போதும் யாராவது பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கப் போகிறோம் என்றால், காசைக் கொஞ்சம் கூடக் கொண்டுபோங்கோ, நான் ஒருக்கா குறையக் குடுத்து விட்டனான் என்பார். ஒவ்வொரு முறையும் நான் அதைத் திருத்த வாய் எடுக்கிறேன். திருத்தியதில்லை. அவர் தமிழில் மட்டுமே வாசிப்பார். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

முதல் சோடி, வரியோடு, இருநூற்று ஐம்பத்தொன்பது டொலர் தொண்ணூறு சதம். இரண்டாவது சோடி, வரியோடு, ஐந்நூற்று நாற்பத்திரண்டு டொலர் நாற்பது சதம். அப்பா வேலைக்குப் போகாமல் விட்ட இரண்டு நாட்களை நான் சேர்க்கவில்லை. அவர் சேர்க்க விடமாட்டார். எல்லாமாக அவர்களுக்குச் செலவானது எண்ணூற்றிரண்டு டொலர் முப்பது சதம்.